யாழ்ப்பாண வெக்கைக்கு ஏசி வாங்க முதல்

பங்குனி பாதி தாண்டினால் போதும், ஊரில் ஏசி விசாரணை தொடங்கிவிடும். எத்தனை பி.ரி.யு. (ஏசி மணிக்கு எவ்வளவு வெப்பத்தை எடுக்கும் என்கிற அளவு) போடலாம், எந்தக் கொம்பனி நல்லது, பில் எவ்வளவு கூடும் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் எடுப்பார்கள். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஆறுதலாக இருந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொம்பனிப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முதல் உங்கள் வீட்டுக்குள் வெக்கை எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் வாங்கினால், எவ்வளவு நல்ல ஏசியாக இருந்தாலும் காலம் முழுக்கக் காசைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஏசி என்பது ஒரு ஹீட் பம்ப். ஒரு பக்கத்து வெப்பத்தை அள்ளி மற்றப் பக்கத்தில் கொட்டுகிற யந்திரம். அக்கா ஒஸ்லோவில் இருக்கிறார். இங்கே அம்மாவின் அறைச் சுவரில் இருப்பது போலவே அங்கேயும் ஒரு வெள்ளைப் பெட்டி, வெளியே காற்றாடியோடு இன்னொரு பெட்டி. நாங்கள் சித்திரை வெக்கையில் அதைப் போட்டுவிட்டுப் படுக்கிறோம், அவர்கள் தை மாதப் பனியில் அதைப் போட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். நோர்வேயில் இது சர்வசாதாரணம், வீடுகளுக்கு ஹீட் பம்ப் போட்டதில் உலகத்திலேயே முன்னுக்கு நிற்கிற நாடுகளில் ஒன்று அது. கோடையில் ரிமோட்டை மாற்றி அழுத்தினால் அதே பெட்டி குளிரும் தரும். உள்ளே இருக்கிற ஒரு வால்வு, வாயு ஓடும் திசையைத் திருப்பிவிடுகிறது.

வெளியே மைனஸ் 15 பாகை என்றால் அந்தக் காற்றில் வெப்பம் எங்கே இருக்கிறது என்று அம்மா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது வருகிற ஏசிகள் பலவற்றில் இருப்பது ஆர்-32 என்ற வாயு. சாதாரண காற்றழுத்தத்தில் அது மைனஸ் 52 பாகையளவிலேயே கொதித்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றுக்கு மைனஸ் 15 நல்ல சூடுதானே. ஒஸ்லோக் காற்றுப் பட்டு அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும், கொம்பிரசர் அந்த ஆவியை நெருக்கி இன்னும் சூடாக்கும், வீட்டுக்குள் வந்து திரும்பவும் திரவமாகும்போது எடுத்த வெப்பத்தையெல்லாம் விட்டுவிடும். எங்கள் வீட்டில் இது மறுவளமாக நடக்கிறது. உள்ளே இருக்கிற கொயில் (வாயு ஓடுகிற வளைகுழாய்) 10 பாகையளவுக்கு இறங்கி அறையின் வெப்பத்தை எடுக்கிறது, வெளியே இருக்கிற கொயில் 45, 50 பாகைக்கு ஏறி அதை 33 பாகையில் இருக்கிற முற்றத்துக் காற்றில் கொட்டுகிறது. கரண்ட் செலவாவது இந்தக் கடத்தலுக்குத்தான், அதனால்தான் 1 அலகு கரண்டைக் கொண்டு 3, 4 அலகு வெப்பத்தை நகர்த்த முடிகிறது. சுருள் போட்ட ஹீட்டருக்கு 1 கொடுத்தால் 1 தான் திரும்ப வரும். இந்த யோசனையும் புதிதில்லை, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தொம்சன் 1852 இலேயே இப்படி வீட்டைச் சூடாக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டார்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கிணற்றில் தண்ணி அடியில் கிடந்தால் மோட்டருக்குக் கஷ்டம், மேலே நின்றால் லேசாக இறைக்கும். ஹீட் பம்பும் அப்படித்தான். உள்ளுக்கும் வெளிக்கும் இடையில் ஏற்ற வேண்டிய தூரம், அதாவது வெப்பநிலை வித்தியாசம், எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுக்கும். கீழே நான் சொல்லப் போகிற எல்லாம் இந்தத் தூரத்தைக் குறைக்கிற வேலையும், அள்ள வேண்டிய வெப்பத்தின் அளவைக் குறைக்கிற வேலையுந்தான்.

முதலில் கூரை. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைகூட இல்லை. வருஷப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நடுமத்தியானம் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், ஆவணியில் இன்னொருதரம். அந்த நேரம் சுவரில் வெயில் விழுவது குறைவு, முழுக்கக் கூரைதான் வாங்குகிறது. பழைய நாற்சார் வீட்டைக் கட்டினவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. உயரமான ஓட்டுக்கூரை, பனஞ்சிலாகை, நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை. சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்குகளால் போய்விடும், ஓடும் பொழுதுபட்டவுடனே ஆறிவிடும். 1990 இல் யுத்தத்தால் கரண்ட் நின்று, பிறகு எத்தனையோ வருஷம் பான் (மின்விசிறி) இல்லாமல் இருந்த சனம் அந்த வீடுகளில் கதவைத் திறந்துபோட்டு விறாந்தையில் பாய் விரித்துத்தான் படுத்தது. இப்போது நாங்கள் கட்டுவது பிளாட் கூரை, தாழ்வான அறை, அலுமினிய யன்னல், பெரிய கண்ணாடி. நுளம்புக்கும் கள்ளருக்கும் பயந்து இரவில் அந்த யன்னலையும் பூட்டிவிடுகிறோம்.

அம்மாவின் அறை பிறகு சேர்த்துக் கட்டியது, மேலே கொங்கிறீற் பிளாட். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீற் அந்தச் சூட்டை உடனே கீழே விடாது, மெல்ல மெல்ல இறக்கும். வெளியே வாடை அடித்துக் குளிர்ந்து கிடக்கிற இரவிலும், பத்து மணிக்குக் கட்டிலில் ஏறி நின்று சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். பான் போட்டால் அது அந்தச் சூட்டைத்தான் எடுத்து உடம்பில் அடிக்கும். வயதானவர்களுக்கு இது அசௌகரியம் மட்டுமில்லை, நித்திரை போகும், இரத்த அழுத்தம் குழம்பும், உடம்பில் தண்ணி வற்றும், அவர்களுக்குத் தாகம் எடுப்பதும் குறைவு. அந்த அறைக்கு ஏசி தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் 40 பாகைச் சீலிங்குக்குக் கீழே ஏசி போடுவதில் மனம் ஒப்பவில்லை.

அதனால் முதலில் கூரைக்கு மேலே ஏறினோம். பாசியைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை நிறக் கூரைப் பெயின்ற் இரண்டு பூச்சு. காசு போதாவிட்டால் நீற்றுச் சுண்ணாம்பு பூசினாலும் பலன் இருக்கிறது, ஒவ்வொரு மாரி முடிவிலும் திரும்பப் பூச வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் பிளாட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஜீஐ பைப் அடித்து, நாற்றுமேடைக்குப் போடுகிற பச்சை நெற்றை (நிழல் வலையை)க் கட்டினோம். நெற்றுக்கும் பிளாட்டுக்கும் இடையில் காற்று ஓட வேண்டும், ஒட்டிக் கட்டினால் நெற் வாங்குகிற சூடு கீழே இறங்கிவிடும். கீழே நிலத்தில் நட்ட கொடித்தோடை இப்போது பைப்பைப் பிடித்து ஏறி நெற்றில் பாதியை மூடிவிட்டது, காயும் காய்க்கிறது. மேற்கு யன்னலுக்கு வெளியே ஓலைத் தட்டி. திரைச்சீலை உள்ளே போடுவதால் பெரிய பிரயோசனம் இல்லை, கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான், அதை வெளியிலேயே மறிக்க வேண்டும். ஏசி வாங்க முதலே வித்தியாசம் தெரிந்தது. சித்திரை, வைகாசியைத் தவிர்த்தால் அம்மாவுக்குப் பான் மட்டுமே போதும் என்கிற நிலை வந்துவிட்டது. இந்த வேலை முழுவதற்கும் போன காசு ஏசியின் விலையில் ஒரு சிறு பங்கு. யாராவது என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லு என்று கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

இரண்டாவது ஈரம். இதைப் பற்றி ஏசி விற்கிறவர்கள் வாய் திறப்பதே இல்லை. எங்களைச் சுற்றிவரக் கடலும் பரவைக் கடலும், காற்றில் எப்போதும் தண்ணி. 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் தண்ணீர் ஆவியாக நிற்கிறது. 26 பாகை, 55 சதவீதம் என்கிற சுகமான அறைக்காற்றில் இருப்பது 13 கிராம் சொச்சம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்தால் உள்ளே 40 கன மீற்றர் காற்று. அந்தக் காற்று ஒருதரம் முழுக்க வெளிக்காற்றாக மாறினால் கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீரை ஏசி பிழிந்து எடுக்க வேண்டும். ஒரு லீற்றர் ஆவியைத் தண்ணீராக்க அதிலிருந்து அகற்ற வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி, அறையை ஒரு பாகைகூடக் குளிராக்காமலே போகிற வேலை அது. கதவு கீழே விரல் நுழைகிற இடைவெளி, சாத்தாத யன்னல் மேற்பலகை, அறையோடு சேர்ந்த குளியலறையின் திறந்த கதவு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வடிகுழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள், கதவை ஒழுங்காக அடைத்த இரவுக்கும் அடைக்காத இரவுக்கும் உள்ள வித்தியாசம் வாளியில் தெரியும். அந்தத் தண்ணீரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற கல்சியம் துளிகூடக் கிடையாது, அம்மா அதைக் கறிவேப்பிலைக்கும் செவ்வரத்தைக்கும் ஊற்றுகிறார். குடிக்க மட்டும் எடுக்காதீர்கள், கொயிலில் இருக்கிற தூசியும் அழுக்கும் அதில்தான் வருகிறது.

ஈரத்தை நினைத்துத்தான் அளவையும் தெரிய வேண்டும். பொருத்த வந்த தம்பி, “அண்ணை, பன்னிரண்டாயிரம் போடுவம், கெதியாக் குளிரும்” என்றார். கெதியாகக் குளிரும், உண்மைதான். அறைக்குத் தேவையானதைவிடப் பெரியதைப் போட்டால் வெப்பநிலை சட்டென்று இறங்கி யந்திரம் ஓய்ந்துவிடும், ஈரம் எடுக்க நேரம் கிடைக்காது, அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், உடனே ரிமோட்டில் இன்னும் இரண்டு பாகை குறைப்போம். இன்வேட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்து ஓடும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. 12,000 பி.ரி.யு. என்பதுதான் ஒரு தொன், வெப்பத்தில் மூன்றரைக் கிலோவாட். கூரையை ஆற்றிய பிறகு அம்மாவின் அறைக்கு 9,000 தாராளம், அதைத்தான் போட்டோம். கூரையை அப்படியே விட்டிருந்தால் அந்தத் தம்பி சொன்னதுதான் சரியாக இருந்திருக்கும்.

பொருத்தும் நாளில் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். செப்புக் குழாயைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் வக்குயூம் பம்ப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், கேஜில் முள் இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வாயுவின் வால்வைத் திறக்கலாம். அவசரத்தில் சிலர் பம்பே கொண்டுவராமல் வால்வைக் கொஞ்சம் திறந்து அந்த வாயுவாலேயே உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளி வெளியேற்றிவிட்டுப் பூட்டுவார்கள். உள்ளே மிஞ்சுகிற ஈரம் எண்ணெயோடு சேர்ந்து கொம்பிரசரை அரித்துவிடும், அதோடு ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயு, அதை இப்படி வெளியே விடுவதே பிழை. வக்குயூம் பம்ப் இருக்கிறதா என்று வர முதலே போனில் கேளுங்கள், இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதோடு சேர்ந்தது வருஷா வருஷம் “காஸ் அடிக்கிற” கதை. தெரிந்த ஒரு வீட்டில் ஒவ்வொரு சித்திரைக்கும் ஆள் வந்து காஸ் அடித்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார், அவர்களும் அதை மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுகிற மாதிரி வழமை என்றே நினைத்திருந்தார்கள். ஏசிக்குள் இருக்கிற வாயு எரிந்து தீருகிற பொருளில்லை, மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, பெரும்பாலும் குழாய் பூட்டிய நட்டில். சவர்க்கார நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஒழுக்கை அடைக்காமல் அடிக்கிற காஸ் அடுத்த சித்திரைக்குள் வானத்துக்குப் போய்விடும், 1 கிலோ ஆர்-32 செய்கிற வெப்பமூட்டல் 100 வருஷக் கணக்கில் 675 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய ஆர்-410ஏ என்றால் 2,000 ஐயும் தாண்டும்.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது? நிழலில், நாலு பக்கமும் காற்றுப் போய்வருகிற இடத்தில். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கிய சந்துக்குள் செருகிவிட்டால் அது துப்புகிற சுடுகாற்றையே திரும்பவும் இழுக்கும், நான் மேலே சொன்ன ஏற்றம் கூடும், பில்லும் கூடும். பெட்டியின் முகம் சோளகக் காற்றுக்கு நேரே இருக்கவும் கூடாது, காற்றாடி காற்றோடு மல்லுக்கட்டும், பரவைக் கடல் பக்கமிருந்து வருகிற உப்பும் நேரே கொயிலில் படியும். குடாநாட்டில் கடலுக்குத் தூரமான இடம் என்று ஒன்று கிடையாது. செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அந்தத் தகடுகள் நகத்தால் தட்டினாலே பொடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே தகட்டுக்கு நீலமாகவோ பொன்நிறமாகவோ பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரேக்கரை இறக்கிவிட்டு, மாதம் ஒருதரம் சாதாரண ஓஸ் பைப்பால் மெதுவாகக் கழுவுங்கள், பிரஷர் அடித்தால் தகடு மடங்கிவிடும். உங்கள் கிணறு சவர் என்றால் அந்தத் தண்ணீரால் கழுவாதீர்கள், பிடித்து வைத்த மழைத்தண்ணி உத்தமம்.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. 26, 27 பாகையில் வைத்து, பான் ஒன்றையும் மெல்லச் சுற்றவிடுங்கள். ஒரு பாகை கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது, 2020 இலிருந்து அங்கே ஏசிகள் 24 பாகையில்தான் தொடங்க வேண்டும் என்றும் விதி கொண்டுவந்தார்கள். கூரை ஆறிய, கதவு அடைத்த அறையில் 9,000 இன்வேட்டர் இரவுக்கு 3 அலகு எடுக்கிறது என்று வைத்தால் மாதம் 90. இங்கே பயம் அந்த 90 இல் இல்லை, படிமுறைக் கட்டணத்தில் இருக்கிறது. மாதம் 180 அலகைத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் உச்ச விலை, ஏற்கெனவே 120 எடுக்கிற வீட்டில் இந்த 90 ஏறினால் அதில் கடைசி 30 அங்கே போய் விழும். ஏசிக்கு மட்டும் சின்னதாக ஒரு மீற்றரைப் பூட்டிவைத்தால் எந்த இரவில் என்ன நடந்தது என்று கையில் தெரியும். கூரையில் சோலர் இருக்கிறவர்கள் மத்தியானத்திலேயே அறையைக் கொஞ்சம் குளிராக்கிச் சுவரையும் ஆற்றிவைத்தால் இரவில் வேலை குறையும்.

சுடுதண்ணி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஹீட் பம்பின் சூட்டுப் பக்கம் எங்களுக்கு உதவுகிற இடம் அதுதான். வீட்டைச் சூடாக்குகிற தேவை யாழ்ப்பாணத்தில் ஒருநாளும் வரப்போவதில்லை, மார்கழி, தையில் வயதானவர்களுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் குளிக்க வெந்நீர் வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று ஹீட் பம்ப் வோட்டர் ஹீட்டர் வருகிறது, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தாங்கியில் இருக்கிற தண்ணியைச் சூடாக்கும். எங்கள் காற்று எப்போதும் சூடு என்பதால் சுருள் ஹீட்டரோடு பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு கரண்டில் வேலை முடியும். ஆனாலும் நாலு பேர் இருக்கிற சாதாரண வீட்டுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது, அடுப்பில் ஒரு பானை வைத்தால் காணும். கணக்கு மாறுவது அறை வாடகைக்கு விடுகிற இடங்களில். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் சனத்துக்கு ஏசியும் வேண்டும், காலையில் சுடுதண்ணியும் வேண்டும். இரவு முழுக்க எட்டு அறை ஏசிகள் வெப்பத்தை மதிலுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்க, காலையில் அதே கட்டடத்தில் எட்டுச் சுருள் ஹீட்டர்கள் ஆளுக்கு 3, 4 கிலோவாட் இழுத்துத் தண்ணியைச் சூடாக்குகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கொம்பிரசரிலிருந்து வருகிற சூடான வாயுவை ஒரு தண்ணித் தாங்கி வழியாகக் கொண்டுபோகிற கருவிகள் இருக்கின்றன, ஏசியின் உத்தரவாதம் போகாத மாதிரி விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

கோயில் பக்கத்தில் அறைகள் கட்டுகிற மச்சானுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். சுவர் இன்னும் பூசவில்லை. வெளி யூனிட் எல்லாவற்றையும் வடக்குப் பக்கம் ஒரே வரிசையில் வைக்கவும், தாங்கிக்கு ஒரு மேடையும் அங்கிருந்து குளியலறைகளுக்குச் சுடுதண்ணிக் குழாயும் இப்போதே விடவும் மேசனோடு கதைத்தாயிற்று. தாங்கி எந்த அளவு வேண்டும் என்பதை வைகாசிக்குள் முடிவெடுக்க வேண்டும்.